கேட்டலிடிக் கன்வெர்ட்டர கழட்டுனா பிக்கப் ஏறுமா?

முதல்லயே சொல்லிடறேன், கம்பெனில இருந்து வந்த மாதிரியே இருக்கற கார்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர (பொகைய சுத்தம் பண்ற டப்பா, சுருக்கமா கேட்) கழட்டுனா கெடைக்கறது சத்தம், பவர் இல்ல. காசு குடுத்து சத்தத்த வாங்கிட்டு அதுக்கு பவர்னு பேர் வச்சுக்கறோம், அவ்ளோதான். ஒரே வரில முடிய வேண்டிய விஷயம்தான், ஆனா எங்க மாமா பையன் கேட்டப்ப ஒரே வரில அவன அடக்க முடியல, சாயங்காலம் பூரா பேசி, அப்புறம் ஒரு நாள் ரேம்ப்ல வண்டிய ஏத்தி பாக்கற வரைக்கும் போயிடுச்சு. பேசுனதெல்லாம் மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுடலாம்னுதான் இது.

அவன் வச்சிருக்கறது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் (குதிரை சக்தின்னு வச்சுக்கோங்க), 175 என்எம் டார்க் (இழுவை), ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். கோயமுத்தூர் பசங்களுக்கு அந்த வண்டி மேல ஒரு தனி பாசம் உண்டு, செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை போய் நின்னு பாருங்க, பார்க்கிங்ல எத்தன போலோ நிக்குதுன்னு. யாரோ ஒரு ஒர்க்‌ஷாப்ல, "கேட்ட எடுத்துட்டு ஸ்ட்ரெய்ட் பைப் போட்டுடலாம் தம்பி, இருபது பிஎச்பி ஏறும்"னு சொல்லியிருக்காங்க. "ஏண்ணா, பண்ணிரலாமா?"ன்னு கேட்டான். கூடவே ஒரு கம்ப்ளைன்ட்டும் சொன்னான், கீழ பார்க்கிங்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா பெட்ரோல் வாடை வருதுன்னு வீட்ல திட்டறாங்களாம். அத நானும் அப்ப பெருசா எடுத்துக்கல.

இந்த கேட்டுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம். எஞ்சின்ல இருந்து பொகை வெளிய வர்ற வழில ஒரு தகர டப்பா, அதுக்குள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா ஒரு பீங்கான் கட்டி, ஒரு சதுர இன்ச்சுக்கு 400 ஓட்டை சாதாரணமா இருக்கும். அந்த ஓட்டைகளோட சுவர்ல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூணும் மெல்லிசா பூசியிருக்கும், மொத்தமா சேத்தா சில கிராம்தான் வரும். பொகை அதுல உரசிட்டு போறப்ப கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடா மாறுது, எரியாம வந்த பெட்ரோல் ஆவி தண்ணியும் கார்பன் டை ஆக்சைடுமா போகுது, நைட்ரஜன் ஆக்சைடு திரும்ப சும்மா நைட்ரஜனாகுது. சூடு ஒரு 250, 300 டிகிரிக்கு வந்தாத்தான் வேலைய ஆரம்பிக்கும், ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வர்ற விஷத்துல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல அங்கயே முடிச்சு விட்டுடும். அசையற பார்ட்டு ஒண்ணு கூட கிடையாது, சர்வீஸ் கிடையாது, நாம தொடாம இருந்தா லட்சம் கிலோமீட்டருக்கு மேலயும் அது பாட்டுக்கு கெடக்கும். கார்லயே இவ்ளோ சாதுவான ஒரு சாமான் மேல இவ்ளோ கோவம் எப்படி வந்துச்சுன்னுதான் எனக்கு ஆச்சரியம்.

கோவத்துக்கு ஒரு பழைய கதை இருக்கு, அது முழுசா பொய்யும் இல்ல. அமெரிக்கால 1975 மாடல் வண்டிங்கள்லதான் இது பரவலா வந்துச்சு. அப்ப ஜெனரல் மோட்டார்ஸ் போட்டது இந்த தேன்கூடு கூட இல்ல, குட்டி குட்டி உருண்டைய ஒரு டப்பால ரொப்பி அது வழியா பொகைய விட்டாங்க, அடைக்கத்தான செய்யும். அதோட ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக கம்ப்ரஷன குறைச்சாங்க, எமிஷனுக்காக இன்னும் என்னென்னவோ கட்டி வச்சாங்க, கடைசில 5.7 லிட்டர் எஞ்சின் இருக்கற கார்வெட் அந்த வருஷம் பேசிக் மாடல்ல 165 குதிரைதான் குடுத்துச்சு. இன்னைக்கு அதுல கால்வாசி சைஸ் எஞ்சின் இந்த பவர குடுக்குது. அந்த தலைமுறைக்காரங்க கேட்ட திட்டுனதுல ஞாயம் இருக்கு, ஆனா அம்பது வருஷத்துக்கு முந்தின திட்ட நாம இன்னும் வச்சு ஓட்டறோம்.

நம்ம ஊர் பக்கம் வேற ஒரு வழில இந்த நம்பிக்கை வந்துச்சுன்னு நெனைக்கறேன், இது என்னோட சொந்த கணிப்புதான். நாம எல்லாம் ஆர்எக்ஸ் 100 சத்தத்துல வளந்த ஆளுங்க. டூ ஸ்ட்ரோக்ல சைலன்சர்ங்கறது எஞ்சினோட ஒரு பாகம் மாதிரி, அந்த வயிறு பெருத்த பைப்போட நீளமும் வளைவும்தான் அழுத்த அலைய திருப்பி அனுப்பி, வெளிய ஓடப் பாக்கற புது பெட்ரோலயும் காத்தையும் மறுபடியும் உள்ள தள்ளும். அதுல சைலன்சர மாத்துனா வண்டி நெசமாவே வேற வண்டியாயிடும், நல்லதாவும் ஆகும், கெட்டும் போகும். அப்ப மெக்கானிக் அண்ணனுங்க சொன்னது அந்த வண்டிக்கு கரெக்ட். அதே பாடத்த அப்படியே தூக்கிட்டு வந்து ஃபோர் ஸ்ட்ரோக் காருக்கு சொல்றப்பதான் பிரச்சனை.

நடுவுல ஒண்ணு, கேட்டோட சம்பந்தம் இருக்கறதால சொல்றேன். இந்தியால 1995 ஏப்ரல் 1ல இருந்து டெல்லி, மும்பை, கல்கத்தா, மெட்ராஸ் நாலு ஊர்லயும் புதுசா விக்கற பெட்ரோல் கார்ல கேட் கட்டாயம்னு சொன்னாங்க. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டா அந்த பூச்சு செத்துடும், அதனால ஈயமில்லாத பெட்ரோல் அந்த ஊர் பங்க்குக்கெல்லாம் வர வேண்டியதாச்சு, 2000 பிப்ரவரில நாடு முழுக்க வந்துடுச்சு. நம்ம கொழந்தைங்க ரத்தத்துக்கு போயிருக்க வேண்டிய ஈயம் போகாம நின்னதுல இந்த தகர டப்பாவுக்கும் ஒரு பங்கு இருக்கு. 

சரி பவருக்கு வருவோம். டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்னு வைங்க, எண்பத்து சொச்சம் பிஎஸ். அதுல நல்லா இருக்கற கேட்ட கழட்டுனா வர்றது ஒண்ணு ரெண்டு குதிரை, அடிச்சு புடிச்சு மூணு. அதே வண்டிய பவர் அளக்கற அதே டைனோ மெஷின்ல காலைலயும் மத்தியானமும் ஓட்டுனாலே அந்த அளவுக்கு வித்தியாசம் வந்துடும். சித்திரை வெயில்ல ஓட்டறதுக்கும் மார்கழி காலைல ஓட்டறதுக்கும் காத்தோட அடர்த்தில வர்ற மாத்தத்தாலயே ரெண்டு மூணு பர்சன்ட் பவர் கூடும், எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போகாம. ஓவர்டேக் பண்றப்ப ஏசிய ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுனா கெடைக்கறத இவங்க பைப்ப வெட்டி வாங்கறாங்க. இன்னொருத்தர், எனக்கு தெரிஞ்சவரு, கோத்தகிரி ஏறும்போது வண்டி திணறுது, கேட் அடைச்சிருக்கும் போல, எடுத்துடலாமான்னு கேட்டாரு. கோயமுத்தூர் நானூறு மீட்டர் உயரத்துல இருக்கு, கோத்தகிரி ஆயிரத்து எண்ணூறு கிட்ட, காத்தழுத்தமே நூத்துக்கு பதினஞ்சு போல குறைஞ்சிடுது, டர்போ இல்லாத வண்டி திணறத்தான் செய்யும், கீழ் கியர்ல போங்க சார்னு சொன்னேன். அவருக்கு அந்த பதில் புடிக்கல, செலவு வைக்காத பதில் யாருக்குமே புடிக்கறதில்ல.

டர்போ வண்டில விஷயம் கொஞ்சம் வேற, இங்க நான் ஒத்துக்கறேன். பொகைதான் டர்பைன சுத்துது. டர்பைனுக்கு முன்னாடி இருக்கற அழுத்தத்துக்கும் பின்னாடி இருக்கற அழுத்தத்துக்கும் நடுவுல வித்தியாசம் எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லா சுத்தும், பின்னாடி கேட்டும் பைப்பும் தடுத்தா அந்த வித்தியாசம் குறையும். அதனால டர்போவுக்கு அடுத்து வர்ற டவுன்பைப்ப பெருசாக்கி கேட்ட எடுத்து, கூடவே அதுக்கு தகுந்த ஸ்டேஜ் 2 ரீமேப்பும் (எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்க மாத்தறது) போட்டா டர்போ சீக்கிரம் எழும், மேல் ஆர்பிஎம்ல மூச்சு விடும், பெரிய டர்போ எஞ்சின்ல அது சீட்ல முதுகு அழுந்தறதுல தெரியும். இத பொய்னு சொல்ற கோஷ்டில நான் இல்ல.

ஆனா மாமா பையனோட வண்டிய பாருங்க. டர்போவே குட்டி. ஸ்டேஜ் 1 ரீமேப் மட்டும் போட்டாலே, கேட்ட தொடாம, 130 பிஎஸ்ஸ ஒட்டியோ தாண்டியோ வந்துடும், டார்க்கும் 200ஐ தாண்டிடும். அதுல இருக்கற டிரை கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் தாங்கறதுக்குன்னு கம்பெனி சொன்ன அளவு 250 என்எம். ஆக கேட்ட வச்சுக்கிட்டே கியர்பாக்ஸோட எல்லைக்கு பக்கத்துல போயிடலாம், அதுக்கு மேல போனா கிளட்ச் பேக்குக்கும், கியர்பாக்ஸ கன்ட்ரோல் பண்ற மெக்கட்ரானிக்ஸுக்கும் பணம் எடுத்து வச்சுக்கணும். பந்தில உக்காரவே நூறு எலைதான்னா கை கழுவற பக்கம் கதவ அகலமாக்கி என்ன பிரயோஜனம்? இத சொன்னதுக்குத்தான் அவன் கொஞ்சம் யோசிச்சான்.

பேக் பிரஷர்னு (வெளிய போற பொகைக்கு எதிரா நிக்கற தடுப்பு) ஒரு பூதம் இருக்கு, ரெண்டு பக்கமும் ஆடும். ஒரு கோஷ்டி "பேக் பிரஷர் இருந்தாத்தான் டார்க் வரும், கேட் எடுத்தா கீழ செத்துடும்"னு சொல்லும், இன்னொரு கோஷ்டி பேக் பிரஷர் சுத்தமா ஆகாதுன்னு சொல்லும். எஞ்சினுக்கு எந்த காலத்துலயும் தடுப்பு தேவையில்ல, அதுக்கு தேவை பொகை வெளிய போற வேகம். ரொம்ப பெரிய பைப்ப போட்டா பொகை சோம்பேறியா நகரும், அடுத்த சிலிண்டரோட பொகைய இழுத்துட்டு போற வேலை நடக்காது, அதனால டர்போ இல்லாத வண்டில கீழ் ஆர்பிஎம்ல இழுவை போகும். ஜனங்க இழுவை போனத பாத்துட்டு பேக் பிரஷர் போயிடுச்சுன்னு நெனச்சுக்கறாங்க. பைப் பெருசாச்சே தவிர பவர் ஏறல, ஆனா சத்தம் ஏறிடுச்சு, சத்தம் ஏறுனா வண்டி வேகமா போற மாதிரியேதான் இருக்கும், மூளை அப்படி. போர்ஷே 911 ஜிடி3 இருக்கில்ல, 4 லிட்டர், டர்போ கிடையாது, 9000 ஆர்பிஎம், 510 பிஎஸ், அது கேட்டோடதான் ஷோரூம்ல இருந்து வருது. கேட் வச்சுக்கிட்டு பவர் எடுக்க தெரிஞ்சவங்க எடுத்துக்கிட்டுதான் இருக்காங்க.

சென்சார் விஷயம். கேட்டுக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. பெட்ரோல் எவ்ளோ அடிக்கணும்னு ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) முக்கியமா கேக்கறது முன்னாடி இருக்கறத, பின்னாடி இருக்கறது கேட் வேலை செய்யுதான்னு பாக்கற வாட்ச்மேன். கேட் இல்லன்னா ரெண்டும் ஒரே மாதிரி ஆட ஆரம்பிச்சிடும், ஈசியு கண்டுபுடிச்சு செக் எஞ்சின் லைட்ட போட்டு பி0420ன்னு எரர் கோடு எழுதி வைக்கும். இதுக்கு ரெண்டு தில்லுமுல்லு இருக்கு, ஒண்ணு பின்னாடி சென்சார ஒரு ஸ்பேசர் வச்சு பொகைல இருந்து வெளிய தள்ளி வைக்கறது, இன்னொண்ணு ரீமேப்ல அந்த கோடையே அணைச்சு வைக்கறது. சில பேரு எதையும் பண்ணாம லைட்டோடயே ஓட்டுவாங்க, அதுதான் எனக்கு பயம், ஏன்னா நாளைக்கு நெசமாவே ஒரு மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம போறது) வந்தாலும் அதே மஞ்ச லைட்தான், எரிஞ்சிட்டே இருக்கற லைட்ட யாரு பாக்கப் போறா.

இப்ப ரேம்ப் கதை. ஊர்ல ரேஸ் வண்டி செட் பண்ற ஒரு அண்ணன் இருக்காரு, பேசறது கம்மி. வண்டிய தூக்கி டார்ச் அடிச்சு ரெண்டு நிமிஷம் பாத்தாரு. "கேட் எடுக்கோணும்னு சொன்னீங்களா தம்பி?"ன்னு கேட்டாரு. ஆமாங்ணான்னான் இவன். "இல்லாதத எப்படிங் எடுக்கறது"ன்னாரு.

டப்பா இருந்துச்சு, உள்ள ஒண்ணும் இல்ல. ஓரத்துல வெட்டி, உள்ள இருந்த தேன்கூட்ட கம்பி விட்டு குத்தி எடுத்துட்டு, மறுபடியும் வெல்டு வச்சிருக்காங்க, பின்னாடி சென்சாருக்கு ஸ்பேசர் வேற. இவனுக்கு முன்னாடி வண்டிய வச்சிருந்தவரு தெரிஞ்சே பண்ணுனாரா, இல்ல அவருக்கே தெரியாம ஏதோ ஒரு சர்வீஸ்ல நடந்துச்சான்னு இனி கண்டுபுடிக்க முடியாது. இதுல எனக்கு சிரிப்பு வந்தது என்னன்னா, கேட் இல்லாத வண்டியத்தான் இவன் இத்தன மாசமா பிக்கப் பத்தலன்னு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கான், அதுல இன்னொரு இருபது பிஎச்பி எடுத்து தர்றேன்னு ஒரு ஆளு அடில குனிஞ்சு கூட பாக்காம ரேட் சொல்லியிருக்காரு. பெட்ரோல் வாடைக்கும் அப்பத்தான் காரணம் தெரிஞ்சுது.

இந்த மாதிரி குத்தி எடுக்கறது பவருக்கும் ஆகாது, சும்மா இருக்கற பைப்ப விட மோசம், திடீர்னு பெருத்து திடீர்னு சின்னதாகற காலி டப்பால பொகை சுழல் அடிச்சு நின்னு போகும். அப்புறம் எதுக்கு பண்றாங்க? உள்ள இருந்து எடுக்கறதுக்கு விலை இருக்கு. 2021ல ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் பக்கம் போச்சு, தங்கத்த விட பல மடங்கு. அந்த சமயத்துலதான் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் ரோட்ல நிக்கற மாருதி ஈக்கோ வண்டிங்களோட சைலன்சர ராத்திரில கழட்டிட்டு போற கும்பல போலீஸ் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு வேண்டியது தகரம் இல்ல, உள்ள இருக்கற அந்த மண்ணு மாதிரி தூள்தான். அதனால உங்க வண்டில கேட்ட எடுக்கச் சொல்லி யாராச்சும் ரொம்ப ஆர்வமா சொன்னா, எடுத்த கட்டி எங்க போகும்னு ஒரு வார்த்தை கேளுங்க, முகம் மாறுதான்னு பாக்கலாம்.

ரூல்ஸ் பத்தி ரொம்ப இழுக்க விரும்பல. கம்பெனி குடுத்த மாதிரில இருந்து வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு சொல்லுது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் பொகை, சத்தம் அளவ மீறுனா பத்தாயிரம் வரைக்கும் ஃபைன், மூணு மாசம் வரைக்கும் உள்ள போற வாய்ப்பும் எழுதியிருக்கு. நடைமுறைல யாரு புடிக்கறான்னு கேப்பீங்க, ஞாயமான கேள்விதான். பொகை சர்ட்டிபிகேட் சென்டர்ல பெட்ரோல் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் முக்கியமா பாக்கறாங்க, புது வண்டின்னா கொஞ்சம் ரேஸ் பண்ணி லாம்டாவும் (காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்) பாக்கணும், நைட்ரஜன் ஆக்சைடு அந்த மெஷின்ல வரவே வராது. பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 பொகை விதி) வண்டிக்கு ஐடில்ல மோனாக்சைடு 0.3 பர்சன்ட்டுக்குள்ள இருக்கணும், கேட் இல்லாத வண்டி ஒழுங்கா டெஸ்ட் பண்ணுனா அந்த அளவுக்குள்ள நிக்கறது கஷ்டம். ஒழுங்கா டெஸ்ட் பண்ணுனா.

"லாரி விடாத பொகையா, என் ஒரு வண்டில என்ன ஆகிடும்"ங்கறது அடுத்த வாதம். ஊரோட காத்துக்கு ஒரு வண்டி கணக்குல வராதுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த பொகை முதல்ல போறது ஊருக்கு இல்ல, அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுக்கு, உப்பிலிபாளையம் சிக்னல்ல பின்னாடி எக்ஸ்எல்ல கொழந்தைய முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு நிக்கறவங்களுக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, வாடை அடிக்கறது கூட வர்ற எரியாத பெட்ரோல்தான். ஏசிய போட்டுட்டு நின்ன வண்டிலயே தூங்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு, அதுவும் பைப்ப வெட்டி ஒட்டுன எடத்துல ஒரு லீக் இருந்துச்சுன்னா, இது சும்மா பேச்சு இல்ல. தூங்கக்கூடாதுன்னு சொல்றது எல்லா வண்டிக்கும்தான், கேட் இருந்தாலும்.

கேட்ட கழட்ட வேண்டிய நெஜமான காரணம் ஒண்ணு இருக்கு, அடைச்சுப் போன கேட். வண்டி முன்ன நல்லா போயிட்டு இருந்து, இப்ப மேல் ஆர்பிஎம்ல யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி நிக்குதுன்னா சந்தேகப்படலாம். முன்னாடி ஆக்சிஜன் சென்சார கழட்டிட்டு அந்த ஓட்டைல ஒரு பிரஷர் கேஜ் மாட்டி ரேஸ் பண்ணுனா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும், உத்தேசமா சொல்றவங்கள நம்பாதீங்க. அடைச்சிருந்தா மாத்தணும், ஆனா அது ஏன் அடைச்சுதுன்னு பாக்காம புதுச போட்டா அதுவும் போயிடும். பெரும்பாலும் பழைய ஸ்பார்க் பிளக், காயில் போயி மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் உள்ள போயி கேட்டுக்குள்ளயே எரிஞ்சு தேன்கூடு உருகியிருக்கும், இல்ல எஞ்சின் ஆயில் குடிச்சிருக்கும். இந்த பட்டாசு வெடிக்கற ரீமேப் போட்டுக்கறாங்கல்ல, ஆக்சிலரேட்டர விட்டா டப டபன்னு, அதுவும் இதே வேலையத்தான் பண்ணும். டீசல் கதை முழுக்க வேற, அது தனி புராணம், இங்க வேண்டாம்.

ரோட்டுக்கே வராம டிரெய்லர்ல ஏத்திட்டு டிராக்குக்கு மட்டும் போற வண்டின்னா எடுத்துக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல. ரோட்லயும் ஓட்டணும், கொஞ்சம் மூச்சும் விடணும்னா 200 செல் (சதுர இன்ச்சுக்கு 200 ஓட்டை) மெட்டல் ஸ்போர்ட்ஸ் கேட் இருக்கு, தடுப்பு கம்மி, வேலையும் ஓரளவு நடக்கும், கம்பெனி மாதிரி சுத்தமா இருக்காது. மாமா பையனுக்கு கம்பெனி கேட்டோட விலைய கேட்டதும் தலை சுத்திடுச்சு, கடைசில அந்த மெட்டல் கேட்டத்தான் வச்சு வெல்டு பண்ணுனாங்க, ஸ்பேசர எடுத்தாச்சு, லைட் வரல, பார்க்கிங்ல வாடையும் நின்னுடுச்சு. ஸ்டேஜ் 1 அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நாலு டயரும் மாத்துன்னு அண்ணன் சொல்லிட்டாரு, பழைய டயர் கல்லு மாதிரி இருந்துச்சு.

செகண்ட் ஹேண்ட்ல இந்த மாதிரி டர்போ வண்டி பாக்கறவங்களுக்கு ஒண்ணு. சூடான எஞ்சின ஐடில்ல விட்டுட்டு பின்னாடி போயி நில்லுங்க, கண்ணு எரியற மாதிரி பச்ச பெட்ரோல் வாடை வந்தா கேட்ட சந்தேகப்படுங்க. ரேம்ப்ல ஏத்தி டப்பாவ விரலால தட்டிப் பாருங்க, காலின்னா கணீர்னு கேக்கும், உள்ள ஒடஞ்சு கெடந்தா கலகலன்னு ஆடும். வெல்டு வரி கம்பெனி வெல்டு மாதிரி சீரா இருக்கான்னு பாருங்க, பின்னாடி சென்சார் டப்பால இருந்து ஒரு இன்ச் தள்ளி நிக்குதான்னு பாருங்க. வண்டி கம்ப்யூட்டர போன்ல படிக்கற ஓபிடி டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள்ள கெடைக்குது, மாட்டுனா ரெடினஸ்னு (எந்தெந்த செல்ஃப் டெஸ்ட் முடிஞ்சிருக்குன்னு காட்டறது) ஒரு பக்கம் வரும், அதுல கேட்டலிஸ்ட் மட்டும் இன்கம்ப்ளீட்னு நின்னா விக்கறவரு சமீபத்துல எரர் கோட அழிச்சிருக்கலாம், இல்ல ரீமேப்ல ஏதோ அணைச்சு வச்சிருக்கலாம். இதெல்லாம் இருந்தும் வண்டி புடிச்சிருக்குன்னா வாங்குங்க, ஆனா புது கேட் விலைய ஷோரூம்ல எழுத்துல வாங்கி அத கையில வச்சுக்கிட்டு பேரம் பேசுங்க.